கொடுமுடியிலிருந்து எழுந்த குரல்

(மில் தொழிலாளர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நான் கே. பி. சுந்தராம்பாளைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நோட்டீஸில் பார்த்ததும், ஒரு வாலிபத் தோழர் என்னைச் சைக்கிளோடு மடக்கினார். “ஏன் தோழரே, காங்கிரஸ் மேடையில் பாடிய அம்மா, சாகும் வரை முருகன் பாட்டுப் பாடிய அம்மா. அவரைப் பற்றிச் சங்க விழாவில் பேச என்ன இருக்கிறது?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைத்தான் உங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொல்லப் போகிறேன்.

கொடுமுடி எங்கே இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காவிரிக் கரை ஊர். இன்று ஈரோடு மாவட்டம். அன்று கோயமுத்தூர் ஜில்லா. அங்கே 1908ம் ஆண்டு ஓர் ஏழைக் குடும்பத்தில் சுந்தராம்பாள் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனார் காலமானார். தாயார் பாலாம்பாள் பிள்ளைகளைக் காப்பாற்றப் படாத பாடுபட்டார். அந்தச் சிறுமி ரயிலில் பாடினாள். பிரயாணிகள் கொடுத்த காலணா அரையணாதான் குடும்பத்துக்குக் கஞ்சி. பிற்காலத்தில் ஒரு லட்சம் ரூபாய் வாங்கிய குரலுக்குக் கிடைத்த முதல் கூலி அதுதான்.

அந்தக் குரலைக் கேட்டவர்கள் அவளை வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்த்துவிட்டார்கள். நல்லதங்காள் நாடகத்தில் மூத்த மகன் வேஷம் கிடைத்தது. பசி தாங்காமல் அம்மாவிடம் அழுது பாடுகிற பிள்ளை. கொட்டகையே கண்ணீர் விட்டதாம். ஏன் விடாது? பசியை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லையே!

அந்தக் காலத்து நாடகத் தொழில் எப்படிப்பட்டது? இரவு பத்து மணிக்கு ஆரம்பித்தால் விடியும் வரை நடக்கும். ஒலிபெருக்கி கிடையாது. கடைசியில் தரையில் உட்கார்ந்திருக்கிறவன் காதுக்கும் எட்டும்படி தொண்டையைக் கொண்டுதான் பாட வேண்டும். ஸ்பெஷல் நாடகம் என்றால் ஒவ்வொரு நடிகரையும் அந்த இரவுக்கு மட்டும் கண்டிராக்டர் பேசிக் கூட்டி வருவார். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், ஆர்மோனியக்காரர் வேறோர் ஊர். ஒத்திகையும் கிடையாது. நேராக மேடைதான். தொண்டை கட்டினால் அன்றையக் கூலி போயிற்று. வைத்தியச் செலவு, வயோதிகக் காலத்துக்கு ஏற்பாடு, ஒன்றும் கிடையாது. ‘பதிலி’ என்று மில் கேட்டில் காத்து நிற்கிறோமே, அதே கதைதான்.

பெண்ணாக இருந்தால் இன்னொரு சுமையும் உண்டு: ஊர் வாய். மேடை ஏறின பெண்ணைக் கூத்தாடிச்சி என்பார்கள். பாட்டுக்குக் கைதட்டுவார்கள், பக்கத்தில் குடியிருக்க வீடு கொடுக்க மாட்டார்கள். இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிற ஸ்பின்னிங் சகோதரிகளுக்கு இது புரியும். ராத்திரி ஷிப்ட் முடிந்து வீடு திரும்புகிற பெண்ணைப் பற்றித் தெருவில் என்னென்ன பேசுகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாததா?

1926ம் ஆண்டு வாக்கில் இலங்கை சென்ற சுந்தராம்பாள், கொழும்பில் செங்கோட்டை எஸ். ஜி. கிட்டப்பாவுடன் ஒரே மேடையில் நடித்தார். வள்ளி திருமணத்தில் இருவரும் போட்டி போட்டுக்கொண்டு பாடியதைக் கேட்க ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். 1927ல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு முன்பே விவாகம் ஆகியிருந்தது. பிறந்த குழந்தை தங்கவில்லை. கசப்பும் பிரிவும் வந்தன. 1933 டிசம்பர் 2ம் தேதி கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27. சுந்தராம்பாளுக்கு 25.

அன்று முதல் வெள்ளைச் சேலைதான். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவு செய்தார். இதைப் பத்தினித்தனம் என்று சிலர் பெரிதாகப் புகழ்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். அவருடைய அன்பு அவருக்குச் சொந்தம். அதற்கு நாம் மரியாதை செலுத்துவோம். ஆனால் அதைக் காட்டி, 25 வயதில் தாலி இழந்த எந்தப் பெண்ணையும் மூலையில் உட்கார வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. உண்மையில் அந்த அம்மாள் மூலையிலா உட்கார்ந்தார்? கொஞ்ச காலம் ஒதுங்கியிருந்தார். பிறகு சத்தியமூர்த்தி போன்றவர்கள் வற்புறுத்த, மறுபடியும் மேடைக்கு வந்தார். வெள்ளைச் சேலை உடுத்தின பெண் எதிரே வந்தாலே சகுனம் பார்க்கிற நாட்டில், அதே சேலையோடு பல்லாயிரம் பேர் முன்னால் நின்று பாடினார். அதுதான் பெரிய காரியம்.

இப்போது ‘நந்தனார்’ படத்துக்கு வருகிறேன். விவசாயத் தொழிலாளித் தோழர்கள் இதைக் கவனித்துக் கேட்க வேண்டும்.

1935ல் வெளிவந்த படம். அசன்தாஸ் என்ற வடநாட்டு முதலாளி எடுத்தார். சுந்தராம்பாளுக்குச் சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அன்று மில் தொழிலாளி மாதம் முழுவதும் ராட்டையோடு மல்லுக்கட்டினாலும் கையில் வருவது சில பத்து ரூபாய்தான். நாடே வாயைப் பிளந்தது. அவர் ஏற்ற வேஷம் ஆண் வேஷம்: நந்தன். அதாவது ஒரு பண்ணையாள்! சங்கீத மேதை மகாராஜபுரம் விசுவநாதய்யர் வேதியராக, அதாவது பண்ணையாராக நடித்தார்.

நந்தன் கதையில் பண்ணையார் எப்படி வந்தார் என்று யோசித்ததுண்டா? பெரிய புராணத்தில் அவர் கிடையாது. 19ம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய நந்தனார் சரித்திரத்தில்தான் வருகிறார். தஞ்சை மண்ணில் பண்ணையடிமை முறையைக் கண்ணால் கண்டவர் பாரதியார். சிதம்பரம் போக ஒரு நாள் லீவு கேட்ட ஆளிடம், நாற்பது வேலி நிலத்து வேலையையும் முடித்துவிட்டுப் போ என்கிறாரே வேதியர், அந்தக் குரல் நமக்குப் புதிதா?

கதையின் முடிவை நாம் ஏற்க முடியாது. சேரியில் பிறந்தவன் தீயில் மூழ்கி எழுந்தால்தான் கோயிலுக்குள் போகலாம் என்பது என்ன நியாயம்? படம் வந்த 1935ல் மதுரை மீனாட்சி கோயில் கதவு தாழ்த்தப்பட்ட மக்களுக்கு அடைத்தே கிடந்தது. 1939 ஜூலை 8ம் தேதிதான் அவர்கள் உள்ளே நுழைந்தார்கள். தீயில் குளித்து அல்ல, போராட்டத்தால். ஆனாலும், ரயிலில் பாடிப் பிழைத்த ஒரு பெண், பண்ணையாளாக நின்று பாடினார் என்பதை மறக்கக் கூடாது.

இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பேசும் படம் வந்தது. ஒருவருக்கு லட்சம் கிடைத்தது. நாடகக் கொட்டகைகள் சினிமாக் கொட்டகைகள் ஆயின. ஆர்மோனியக்காரர், பபூன், சீன் இழுக்கிறவர், துணைவேஷக்காரர் பலரும் பிழைப்பை இழந்தார்கள். ஒரு குரல் மேலே போனதைப் பார்த்து, எல்லோருக்கும் விடிந்துவிட்டது என்று நினைப்பது ஏமாளித்தனம். ஒருவர் திறமையால் உயரலாம். தொழிலில் உள்ள அத்தனை பேரும் உயரச் சங்கம்தான் வேண்டும். 1952ல் நடிகர் சங்கம் தோன்றியது இதை உணர்ந்துதான்.

1940ல் ‘மணிமேகலை’. 1953ல் ஜெமினியின் ‘ஔவையார்’. என் அம்மாயி நடவு நடுகிறவள். எழுதப் படிக்கத் தெரியாது. டூரிங் டாக்கீஸில் மணல் டிக்கெட்டில் உட்கார்ந்து ‘ஔவையார்’ பார்த்ததைச் சாகும் வரை சொல்வாள். “நம்மளாட்ட ஒரு கிழவி, ராசாக்களைக் கேள்வி கேக்குறாடா!” என்பாள். அவளுக்கு அதில் பக்தி தெரிந்ததை விட, அந்தக் கிழவியின் துணிச்சல்தான் அதிகம் தெரிந்தது. பிறகு 1964ல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தியடிகள். 1965ல் ‘திருவிளையாடல்’ படத்தில் மறுபடியும் ஔவை. சென்னை மாநில மேலவை உறுப்பினராகவும் இருந்தார். ‘துணைவன்’ படத்தில் பாடியதற்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதும், 1970ல் பத்மஸ்ரீயும் பெற்றார். 1980 செப்டம்பரில் காலமானார்.

இனி அந்த வாலிபத் தோழருக்குப் பதில். தோழரே, அவர் மேடை வேறு, நம் மேடை வேறு, உண்மைதான். ஆனால் வெள்ளைக்காரன் ஆட்சியில், நாடகக்காரன் வாயைக் கட்ட 1876லேயே சட்டம் போட்டிருந்த காலத்தில், சம்பாத்தியம் போனாலும் போகட்டும் என்று கதர் கட்டித் தேச விடுதலைக்காகப் பாடியவர் அவர். அதை நாம் சொல்லாமல் வேறு யார் சொல்வது? உழைக்கும் வர்க்கத்திலிருந்து எழுந்த ஒரு குரலை, வேறு கொடியின் கீழ் பாடியது என்பதற்காக விட்டுக் கொடுப்பது நமக்குத்தான் நஷ்டம்.

ஒரே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். திருவிழாவுக்கு நம் ஊருக்கு ஸ்பெஷல் நாடகக்காரர்கள் வருகிறார்கள். விடிய விடிய பாடுகிற அந்தச் சகோதரியைப் பார்த்து விசில் அடிக்காதீர்கள்; கேலி பேசாதீர்கள்; பேசுகிறவனைச் சும்மா விடாதீர்கள். விடிந்ததும் கண்டிராக்டர் பேசிய கூலியை முழுசாகக் கொடுத்தாரா என்று போய்க் கேளுங்கள். அவரும் ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிற தொழிலாளிதான்.