குழலுக்குள் ஒரு தொண்டை

காலையில் வானொலியைத் திருப்பினால் முதலில் வருவது மங்கள இசை. பல் துலக்கிக்கொண்டும் பால் காய்ச்சிக்கொண்டும் கேட்கிற இசை அது. நானும் பல வருஷம் அப்படித்தான் கேட்டேன். ஒருநாள் மட்டும் வாயில் நுரையோடு கூடத்துக்கு வந்து நின்றுவிட்டேன். தோடி ராகம் போய்க்கொண்டிருந்தது. ஊதுகிற மாதிரியே தெரியவில்லை, யாரோ உட்கார்ந்து பாடுகிற மாதிரி இருந்தது. நாகஸ்வரம் வாசித்தது திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை என்று அறிவிப்பாளர் கடைசியில்தான் சொன்னார்.

பிள்ளையைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரியவர்கள் முதலில் சொல்வது அவருடைய மூச்சைத்தான். மூச்சு இருந்தது, யார் இல்லை என்றது? ஆனால் தஞ்சாவூர்ச் சீமையில் மூச்சுள்ள நாயனக்காரர்களுக்கா பஞ்சம்? சுவாமி புறப்பாட்டில் நாலு வீதியும் நடந்துகொண்டே விடியவிடிய வாசித்தவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பின்னால் நின்று ஒத்து ஊதினாரே ஒருவர், அவரை யாராவது கவனித்திருக்கிறோமா? கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு, மூக்கால் இழுத்துக்கொண்டு, ஒரே சுருதியை அறுபடாமல் பிடித்திருப்பார். வெறும் மூச்சுக்குப் பரிசு என்றால் அவருக்கல்லவா கொடுக்க வேண்டும்!

ஆக, மூச்சோடு வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது.

ராஜரத்தினம் பிள்ளை 1898-இல் திருமருகலில் பிறந்தவர். மாமா நடேச பிள்ளை நாகஸ்வர வித்வான். வீட்டிலேயே நாயனம் இருந்தும், பையன் முதலில் போய் உட்கார்ந்தது திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம், அதுவும் வாய்ப்பாட்டுக்கு. பாடிப் பழகிய பிறகுதான் நாகஸ்வரம் கைக்கு வந்தது. இந்த வரிசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. விரலில் தொடங்கிப் பாட்டுக்குப் போகிறவர் பலர். இவர் குழலைத் தொடும்போதே ராகம் தொண்டையில் இருந்தது. அதை அப்படியே குழலுக்குள் இறக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அந்த 'அவ்வளவுதான்' லேசில் நடக்கிற காரியமில்லை.

நாகஸ்வரத்தைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? ஆச்சா மரத்தில் கடைந்த உலவு, கீழே அணைசு, மேலே கெண்டை, கெண்டையில் சொருகிய சீவாளி. விரலுக்கு ஏழு துளை. ஹார்மோனியம் மாதிரி கட்டை கிடையாது. துளையைப் பாதி மூடுவதும், கால்வாசி திறப்பதும், சீவாளியை உதட்டால் அழுத்துவதும் தளர்த்துவதுமாகத்தான் ஸ்வரங்களையும் அவற்றின் அசைவான கமகத்தையும் வரவழைக்க வேண்டும். சீவாளி நாணலில் செய்தது. காய்ந்தால் பேசாது. அதனால் கச்சேரிக்கு முன்னால் வித்வான் அதை வாயில் போட்டு ஊறவைத்துக்கொண்டிருப்பார். உபரிச் சீவாளிகள் குழலின் கழுத்தில் கொத்தாகத் தொங்கும், வீட்டுச் சாவிக்கொத்து மாதிரி. பக்கத்திலேயே சீவாளியைச் சரிசெய்ய ஒரு ஊசியும் ஆடிக்கொண்டிருக்கும்.

இப்போது தோடியின் காந்தாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நின்ற இடத்தில் நிற்காத ஸ்வரம். பாடகருக்கு அந்த அசைவு தொண்டையில் தானாக வரும். குழலில் அதை உதடும் மூச்சும் விரலும் மூவர் கூடித் தேர் இழுப்பது போல இழுக்க வேண்டும். ஒருவர் முந்தினாலும் பிசிறு தட்டும். மூன்றையும் ஒன்றாகப் பிணைத்த வடம் அவருக்குள் பாடிக்கொண்டிருந்த அந்தப் பாட்டுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதோடு இன்னொரு குணமும் சேர்ந்தது: பிடிவாதம். அந்தக் காலத்து நாயனம் திமிரி. குட்டையானது, சுருதி உச்சத்தில் நிற்கும், நாலு தெரு தாண்டிக் கேட்கும். பிள்ளையின் மனசில் பாடிக்கொண்டிருந்த ராகத்துக்கு அந்த உச்சம் ஒத்துவரவில்லை. நாயனம் செய்கிற நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியைப் பிடித்தார். நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனம் உருவானது. நீளக் குழல் காற்றை விழுங்கும். அங்கேதான் அந்தப் புகழ்பெற்ற மூச்சு உதவிக்கு வந்தது. காது கேட்டதை மூச்சு கொடுத்தது. அடுத்து ஒத்தை நிறுத்தித் தம்புராவை வைத்துக்கொண்டார். இடுப்பில் துண்டைக் கட்டி நின்று வாசித்த கலைஞர்கள் நடுவே, கிராப்பும் ஷெர்வானியுமாக மேடையில் உட்கார்ந்து வாசித்தார். திமிரியை விட்டவருக்குத் திமிர் மட்டும் குறையவில்லை என்று ஊர் சொல்லியிருக்கும். சொல்லட்டும். அந்தத் திமிர் இல்லாவிட்டால் தொண்டையும் மூச்சும் கோயில் பிரகாரத்திலேயே நின்றிருக்கும் என்பது என் கட்சி.

நஷ்டமும் உண்டு, மறைக்க வேண்டாம். கோபுர வாசலில் சுவாமி புறப்படும்போது மல்லாரியைத் திமிரியில் கேட்கிற சுகம் பாரியில் வராது. திமிரி வெட்டவெளிக்குப் பிறந்தது, பாரி சபைக்கு. பாரி பரவப் பரவ, வீதிக்கென்றே இருந்த அந்தக் கூர்மை மங்கிப்போனது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கீர்த்தனை வாசிக்கும்போது பிள்ளையைப் பெரிய வித்வான்களில் ஒருவர் என்றுதான் சொல்வேன். ஆலாபனையில்தான் அவருக்கு நிகராக யாரையும் வைக்க எனக்கு மனசு வரவில்லை. 

அவர் 1956-இல் காலமானார். ஆனால் கதை அதற்கு முன்பே வேறொரு தொண்டைக்குத் தாவிவிட்டது. மாயவரம் பக்கம் கூடலூரில் 1910-இல் பிறந்த ஜி. என். பாலசுப்ரமணியம் (ஜி.என்.பி.), ஆங்கில இலக்கியம் படித்தவர், ராஜரத்தினத்தின் வாசிப்பில் மயங்கிக் கிடந்தார். அந்த நாயனத்தின் வேகமாக உருளும் பிருகாக்களைத் தன் குரலில் பாடத் தொடங்கினார். அவருக்கு இயற்கையிலேயே துள்ளுகிற சாரீரம். வேறு சாரீரமாக இருந்தால் அதே ஆசை அதைக் கெடுத்திருக்கும்.

பாட்டாகக் குழலுக்குள் போனது, மறுபடி பாட்டாகவே வெளியே வந்துவிட்டது. அடுத்த முறை ஜி.என்.பி.யின் பழைய ஒலிப்பதிவு ஏதாவது வானொலியில் வந்தால் ராகத்தை மட்டும் கேட்காதீர்கள். அவர் எங்கே மூச்செடுக்கிறார் என்றும் பாருங்கள். நாயனக்காரர் சீவாளியிலிருந்து உதட்டை எடுப்பாரே, அந்த இடத்தில்தான் எடுக்கிறார் என்று எனக்குக் கேட்கிறது. உங்களுக்கு எப்படிக் கேட்கிறதோ.