பட்டுப்பூச்சியின் தாய்வழி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத் தறிகளில் பாவும் ஊடையுமாக ஓடுகிறதே பட்டு இழை, அதற்குப் பூர்வீகம் எது தெரியுமா? சீனா. அதற்கான சாட்சி பட்டுப்பூச்சியின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது.

உயிரணுவுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டி.என்.ஏ. உண்டு. பொதுவாக அது தாய்வழியாகத்தான் பிள்ளைக்கு வரும். பட்டுப்பூச்சியில் அது சுமார் 15,600 எழுத்துகள் நீளம், மரபணுக்கள் 37. ஒப்பிட்டுப் பார்த்தால், இன்னொரு பூச்சி வகையான வண்டுகளுக்கும் பெரும்பாலும் அதே 37தான். ஆனால் மரபணுக்களின் வரிசையில் ஒரு வித்தியாசம். பெரும்பாலான வண்டுகள் பூச்சியினத்தின் ஆதி வரிசையை அப்படியே காப்பாற்றி வருகின்றன. பட்டுப்பூச்சியிலோ, மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வுக்கான சிறு மரபணு, இரண்டு இடம் தாண்டி முன்னால் வந்துவிட்டது. பெரும்பாலான வண்ணத்துப்பூச்சிகளிலும் இதே மாற்றம்தான்.

இந்த டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்தபோது, நம் வளர்ப்புப் பட்டுப்பூச்சிக்கு ஜப்பானியக் காட்டுப்பூச்சியைவிடச் சீனக் காட்டுப்பூச்சியே நெருங்கிய சொந்தம் என்று தெரியவந்தது. மனிதன் சுமார் 5,000 ஆண்டுகள் வளர்த்ததில், வளர்ப்புப் பட்டுப்பூச்சி பறக்கும் திறனையே இழந்துவிட்டது.

அடுத்த முறை பட்டுப்புடவையை மடித்து வைக்கும்போது, நெய்த கைகளோடு அந்தச் சிறு பூச்சியையும் நன்றியோடு நினைத்துக்கொள்ளுங்கள்.