கழிவையும் சேர்த்ததே கணக்கு



வேளாண் வளர்ச்சிக்கும் வேளாண் கழிவுக்கும் உள்ள உறவைப் பேச ஒட்டன்சத்திரம் மிகப் பொருத்தமான ஊர். தமிழ்நாட்டின் பெரிய காய்கறிச் சந்தைகளுள் ஒன்று இங்கே இருக்கிறது. முருங்கை, தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய் என வந்து இறங்கும் காய்களில் பெரும்பகுதி கேரளத்துக்கு லாரி ஏறுகிறது. மழை குறைந்த இந்த வட்டாரத்தின் கிணற்றுத் தோட்டங்கள் காசு பார்த்தது இந்தச் சந்தையால்தான்.

வருமானம் கூடும்போது மாசு முதலில் ஏறும், பிறகு இறங்கும் என்று பொருளியலில் ஒரு கருத்து உண்டு. 1991-இல் பொருளியலாளர்கள் கிராஸ்மனும் குரூகரும் காற்று மாசை ஆராய்ந்து இதற்கு வித்திட்டார்கள். ஆனால் அடுத்த ஆண்டே உலக வங்கியின் வளர்ச்சி அறிக்கை, நகரக் குப்பை வருமானத்தோடு ஏறிக்கொண்டே போவதைக் காட்டியது. மூச்சை அடைக்கும் புகையை எதிர்த்து ஊர் திரளும். குப்பையை ஊர் எல்லைக்கு அப்பால் தள்ளிவிட்டால் எவரும் கேட்பதில்லை. வேளாண் கழிவும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். வளர்ச்சி அதைத் தானாகக் குறைத்துவிடும் என்று நாம் காத்திருக்க முடியாது.

தக்காளியையே பாருங்கள். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் 2015 ஆய்வுப்படி, அறுவடை முதல் கடை வரை தக்காளியில் சுமார் 12 விழுக்காடு வீணாகிறது. விலை விழுந்த வாரத்தில் நிலைமை இன்னும் மோசம். பறிப்புக்கூலி, வண்டி வாடகை, இறக்குக்கூலி, கமிஷன் எல்லாம் போகப் பெட்டிக்கு ஒன்றும் மிஞ்சாது என்று தெரிந்ததும், உழவர் பழத்தைச் செடியிலேயே விட்டு ஆடு மாடுகளை இறக்கிவிடுகிறார். சந்தை வரை கொண்டுவந்தவர் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார். நல்ல பழத்தைக் கழிவாக்குவது இங்கே அழுகல் அல்ல, விலை.

கழிவின் தன்மையும் மாறிவிட்டது. முன்பு தோட்டத்துக் கழிவு மாட்டுக்குப் போனது. மிச்சம் குப்பைமேட்டில் எருவானது. இன்று விளைச்சலைக் கூட்டிய சொட்டுநீர்க் குழாயும் மண்ணை மூடும் பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட்டும் மருந்து பாட்டிலும் வரப்பில் சேர்கின்றன. ஓரிரு வெள்ளாமைக்குப் பிறகு அந்த ஷீட்டை உருவும்போது கையோடு கிழிகிறது. துண்டுகள் மண்ணோடு கலக்கின்றன. மற்றதை ஓரமாகக் குவித்துத் தீ வைக்கிறார்கள். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஆள் இல்லாதபோது உழவரைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

காய்கறிக் கழிவுக்கு வழி இல்லாமல் இல்லை. ஹைதராபாத் போயன்பள்ளிச் சந்தையில் நாளொன்றுக்குச் சுமார் 10 டன் காய்கறிக் கழிவிலிருந்து 500 யூனிட் அளவுக்கு மின்சாரம் எடுக்கும் வகையில் ஆலை அமைத்தார்கள். அங்கே கழிவைத் தரம் பிரித்து ஆலைக்குக் கொண்டு சேர்ப்பது சந்தையின் அன்றாட வேலைகளில் ஒன்றானது. இயந்திரத்தை விட இந்த ஒழுங்குதான் நாம் கற்க வேண்டியது.

தஞ்சாவூரில் பிறந்து, தம் கடைசி ஆண்டுகளை மதுரை மாவட்டத்து டி.கல்லுப்பட்டியில் கழித்த காந்தியப் பொருளியலாளர் ஜே.சி.குமரப்பா, நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலை 1945-இல் வெளியிட்டார். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பாத பொருளாதாரம் நிலைக்காது என்பது அவர் வாதம். ஒட்டன்சத்திரத்துத் தோட்டங்களுக்கு அது அப்படியே பொருந்தும்.

ஆய்வாளர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஏக்கருக்கு இத்தனை டன், இத்தனை ரூபாய் என்று எழுதும் ஒவ்வொரு கட்டுரையிலும், பறிக்காமல் விட்டது எவ்வளவு, சந்தையில் கொட்டியது எவ்வளவு, மண்ணில் தங்கிய பிளாஸ்டிக் எவ்வளவு, அதை அள்ளும் செலவு யார் தலையில் விழுந்தது என்பதையும் எழுதுங்கள். அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதையே வளர்ச்சி என்று சொல்லுங்கள். இந்த அமர்வுகளில் அந்தக் கணக்கைத் தொடங்கி வைக்குமாறு உங்களைக் கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.