இன்ஜினியரிங் சீட்டுக்குக் கடன் கேட்பதற்கு முன்னால்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போது நம்ம பிள்ளைங்க படிப்பைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிட்டால் போதும், குழுக்களில் உள்கடன் கேட்பவர்கள் அதிகமாகிவிடுகிறார்கள். என்ன செலவு என்று கேட்டால், "ஏஜெண்ட் வந்தாரு மேடம், இன்னைக்கே முன்பணம் கட்டலைன்னா இன்ஜினியரிங் சீட்டு போயிரும்னு சொல்றாரு" என்கிறார்கள்.

போகாது. முதலில் அதைத் தெரிஞ்சுக்குங்க.

தமிழ்நாட்டில் பொறியியல் சேர நுழைவுத் தேர்வு 2007-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பு மார்க்தான் கணக்கு. கணக்குப் பாட மார்க் அப்படியே, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. மொத்தம் 200. கணக்கில் 80, இயற்பியலில் 70, வேதியியலில் 76 எடுத்த பிள்ளைக்கு 80, 35, 38 கூட்டி 153. இதைத்தான் கட்-ஆஃப் என்கிறார்கள். இந்த மார்க்கை வைத்து ரேங்க் போட்டு, அரசு கலந்தாய்வில் கல்லூரி ஒதுக்குகிறது. ஏஜெண்ட் காட்டுகிற தனியார் கல்லூரிகளிலும் கலந்தாய்வு சீட்டு உண்டு. அவர் தருவது நிர்வாகக் கோட்டா சீட்டு. கலந்தாய்வில் கிடைக்கக்கூடிய அதே கல்லூரிக்குக் கூடுதல் பணம் கொடுத்துப் போவது நமக்கு எதற்கு?

பணம் மட்டும் போகவில்லை, சலுகையும் போகிறது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021-ல் வந்தது. அதில் சீட்டு கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாம் அரசு கட்டும் என்று அந்த வருஷமே அறிவித்தார்கள். வீட்டில் இதுவரை யாரும் டிகிரி முடிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரி கட்டணச் சலுகை உண்டு. இரண்டும் கலந்தாய்வு வழியாகப் போனால்தான். முன்பணம் வாங்க வருகிறவர் இதைச் சொல்லமாட்டார்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னொன்று. வேடசந்தூர் பக்கம் மில்லில் நைட் ஷிப்ட் பார்க்கிற பொண்ணுங்கள்ல எத்தனை பேர் பிளஸ் டூ முடிச்சவங்கன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். "மூணு வருஷம் மில்லுக்குப் போனா கல்யாணத்துக்கு ஆகும்" என்றுதான் அனுப்புகிறோம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேரில் தாலிக்குத் தங்கம் கொடுத்தார்களே, அந்தத் திட்டத்தையே 2022-ல் மாற்றி, அரசுப் பள்ளியில் படித்து மேல்படிப்புக்குப் போகிற பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று ஆக்கினார்கள். புதுமைப் பெண் திட்டம் என்பது அதுதான். தாலிக்கு வந்த பணம் படிப்புக்கு மாறியது. நம்ம வீட்டுக் கணக்கையும் அப்படி மாற்றிப் பார்க்கலாம்.

"பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இன்ஜினியரிங்?" என்று கேட்கிற மாமியார்களுக்கு ஒரு செய்தி. சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-ல் லலிதா என்கிற பெண் மின் பொறியியல் படிக்கச் சேர்ந்தார். 15 வயதில் கல்யாணம், 18 வயதில் கணவர் இறந்துவிட்டார், கையில் நாலு மாசக் குழந்தை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணை மூலையில் உட்கார வைப்பார்கள். அவருடைய அப்பா அதே கல்லூரியில் பேராசிரியர். கல்லூரி முதல்வரிடம் பேசிச் சேர்த்துவிட்டார். அடுத்து தெரேசியா, லீலாம்மா என்று இரண்டு பேர் சிவில் படிக்க வந்தார்கள். சான்றிதழ் ஆண்களுக்கென்றே அச்சடித்தது, அதில் 'அவன்' என்பதை அடித்துவிட்டு 'அவள்' என்று திருத்திக் கொடுத்தார்களாம். லலிதா பிறகு பக்ரா நங்கல் அணையின் மின்சார வேலைகளில் பங்கெடுத்தார். தெரேசியா கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். லலிதாவுக்குப் படித்த அப்பா இருந்தார், உண்மைதான். நம்ம பிள்ளைக்கு நாம இருக்கோம், குழு இருக்கு.

படிச்சா என்ன வேலை? ஊராட்சியில் ரோடு போட்டால் அளவெடுக்க வருகிற ஓவர்சியரம்மா, ஒன்றிய அலுவலகத்து உதவிப் பொறியாளர் எல்லாம் சிவில் படிப்பு. மின்வாரியத்துக்கு எலக்ட்ரிகல். நம்ம மில்லிலேயே மெஷின் பராமரிப்பு பார்க்கிறவர்கள் மெக்கானிக்கல், டெக்ஸ்டைல், எலக்ட்ரிகல் படித்தவர்கள். கம்ப்யூட்டர் படித்தால்தான் வேலை என்று ஊரே சொல்கிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பிள்ளைக்கு எதில் மனசு இருக்கிறதோ அதில் போகட்டும். பட்டம் வாங்கியும் ஜவுளிக்கடையில் நிற்கிற பிள்ளைகளும் உண்டு, மறைக்க வேண்டாம். பெரும்பாலும் முதல் வருஷக் கணக்குப் பாடத்திலும் இங்கிலீஷிலும் அரியர் விழுந்து, அதிலிருந்து எழுந்திருக்க முடியாமல் போனவர்கள். முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்ததும் அம்மா கேட்கணும். படிக்கத் தெரியாவிட்டாலும், "எத்தனை பாடம் நின்னுருச்சு?" என்று கேட்கத் தெரியுமில்லையா?

நாலு வருஷம் தாங்காது என்றால் பாலிடெக்னிக் இருக்கிறது. பத்தாவது முடித்து மூன்று வருஷம் டிப்ளமோ. அதற்குப் பிறகு வசதி வந்தால் நேராக பி.இ. இரண்டாம் வருஷத்தில் சேரலாம்.

கல்லூரியை நேரில் போய்ப் பாருங்க. ரெட்டியார்சத்திரத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரியே இருக்கிறது, பஸ் ஏறினால் போய்விடலாம். அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் பேசுங்க. கேட்டில் நிற்கிற ஆள் சொல்வதை நம்ப வேண்டாம்.

கலந்தாய்வு இப்போது ஆன்லைனில் நடக்கிறது. எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்று வரிசைப்படுத்திக் கொடுக்க வேண்டும். ரொம்பப் பிடித்ததை முதலில் போடணும், ரேங்குக்கு ஏற்ப மேலிருந்துதான் ஒதுக்குவார்கள். இதைப் பிள்ளையே உட்கார்ந்து செய்யணும். பாஸ்வேர்டையும் போனில் வருகிற ஓடிபி எண்ணையும் ஏஜெண்டிடம் கொடுத்தால், அவர் கமிஷன் வாங்குகிற கல்லூரியை முதலில் போட்டுவிடுவார். விவரம் தெரியாவிட்டால் மாவட்டத்தில் உள்ள கலந்தாய்வு உதவி மையத்துக்குப் போங்க.

கடன் தேவைப்பட்டால் வாரத் தவணை பைனான்ஸ் பக்கம் போகாதீங்க. வங்கிக் கல்விக் கடன் நாலு லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் இல்லாமல் தருவது விதி. படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை கிடையாது, வட்டி மட்டும் ஏறும். மேனேஜர் இழுத்தடித்தால் கூட்டமைப்பிலிருந்து நாலு பேர் சேர்ந்து போகலாம்.

சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி சான்று மூன்றையும் ரிசல்ட் வருவதற்கு முன்பே இ-சேவை மையத்தில் எழுதிப் போட்டுடுங்க. சலுகை விதிகள் வருஷா வருஷம் மாறலாம், அந்த வருஷ அறிவிப்பைப் பார்த்துக்கணும். பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கிற வீடுகளின் பட்டியலைக் குழுத் தலைவிகள் அடுத்த கூட்டத்துக்கு எழுதிக்கொண்டு வாங்க. பத்தாவது படிக்கிற பிள்ளைகளையும் சேர்த்துக்கோங்க.