முதிர்ந்த வயதில் மலாய் கற்றல்



தமிழகத்திலிருந்து வளர்ந்த வயதில் இந்நாட்டிற்கு வந்தோர் நம்மிடையே உள்ளனர். வேலைக்கென வந்தவரும் உண்டு. மணமுடித்து வந்த பெண்களும் உண்டு. லயத்திலும் பெரட்டிலும் அவர்களுக்குத் தமிழே போதுமானது. தோட்டத்தைக் கடந்தாலோ, மருத்துவமனையிலும் அரசாங்க அலுவலகத்திலும் மலாய் மொழியே வழங்குகின்றது. "இந்த வயதில் இனி என்ன படிப்பு?" என்று சோர்ந்து, அவர்கள் பிள்ளைகளைத் துணைக்கு அழைத்துச் செல்கின்றனர்.

தாயின் நோயைப் பத்து வயது மகன் மருத்துவரிடம் விளக்குவது முறையாகுமா? மகனிடம் சொல்லக் கூசுவதைத் தாய் மறைப்பாள். மறைத்த நோய் முற்றும். மருந்து உறையில் 'செபெலும் மாக்கான்' என்றால் உணவுக்கு முன். 'செலெபாஸ் மாக்கான்' என்றால் உணவுக்குப் பின். 'தீகா காலி செஹாரி' என்றால் நாளுக்கு 3 வேளை. இவற்றை அறியாதவர் கையில் நல்ல மருந்தும் பயன் தராது.

மலாய் கற்பதற்கு அரிய மொழியன்று. தமிழில் உண்டேன், உண்கிறேன், உண்பேன் என வினைச்சொல் காலத்திற்கேற்ப உருமாறும். மலாயில் 'மாக்கான்' என்னும் சொல் அவ்வாறு மாறுவதில்லை. அதன் முன் 'சுடா' வந்தால் உண்டாயிற்று. 'செடாங்' வந்தால் உண்டுகொண்டிருப்பது. 'ஆக்கான்' வந்தால் இனி உண்ணப்போவது. அன்றியும், நம் சொற்கள் சில நமக்கு முன்பே அம்மொழியில் குடியேறிவிட்டன. நமது கடை அங்கே 'கெடாய்', பெட்டி 'பெத்தி', கட்டில் 'காத்தில்'.

மலாய் கற்றால் தமிழ் தேய்ந்துவிடுமோ என்று அஞ்ச வேண்டா. 1957ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் 152ஆம் விதி மலாயைத் தேசிய மொழியாக்கியது. பிற மொழிகளைக் கற்கவும் கற்பிக்கவும் தடையில்லை என்றும் அதே விதி கூறுகின்றது.

எங்ஙனம் தொடங்குவது? நாளுக்கு 5 சொற்கள் போதும். உடலுறுப்புகள், நோய்கள், எண்கள், கிழமைகள் ஆகியவற்றை முதலில் கற்பீர். சந்தையில் பேசிப் பழகிய மலாயோடு நில்லாது, ரூமி எழுத்தையும் பிள்ளைகளிடம் கேட்டுப் படிப்பீர். பிள்ளையிடம் பாடம் கேட்பது இழுக்கன்று. படித்துப் புரியாத தாளில் கையொப்பமோ கைந்நாட்டோ இடாதீர்.

அடுத்த முறை மருத்துவமனை செல்லும்போது பிள்ளை அருகில் நிற்கட்டும், நீங்களே பேசுங்கள். வயிற்றில் வலியென்றால் 'சாயா சாக்கிட் பெருட்' என்பீர். உச்சரிப்பு பிழைபட்டாலும் மருத்துவர் புரிந்துகொள்வார். உங்கள் நோயை உங்கள் வாயால் சொல்லும் உரிமையை முயன்று பெறுங்கள்.