பள்ளிக்கூடத்துக் கேலியும் பிள்ளைகளின் உடற்பருமனும்

(பெற்றோரும் உபாத்தியாயர்களும் கூடிய ஒரு கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேசப்போகும் விஷயம் உங்களில் பலருக்குப் புதிதாயிருக்கலாம். சிலருக்கு முகஞ்சுளிக்கும்படியாகவும் இருக்கலாம். சுளிப்பவர்கள் சுளித்துக்கொண்டே கேட்டாலும் போதும். நான் சொல்வதையெல்லாம் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. உங்கள் புத்திக்குப் பொருந்தியதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

ஒரு பிள்ளை அளவுக்குமேல் பருத்துப்போனால் நாம் என்ன சொல்லுகிறோம்? "வாயைக் கட்டமாட்டேன் என்கிறான்" என்கிறோம். "ஓடியாடி விளையாடாத சோம்பேறி" என்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளை ஏன் ஒளிந்து ஒளிந்து தின்கிறது, ஏன் விளையாட்டு மைதானத்தைக் கண்டால் நடுங்குகிறது என்று எத்தனை பேர் கேட்கின்றோம்? காரணத்தை விசாரியாமல் பிள்ளையைத் தண்டிப்பது என்ன நியாயம்?

பிள்ளைகளில் சிலர் தன்பாலீர்ப்பு உடையவர்களாக இருக்கிறார்கள். சிலர் இருபாலீர்ப்பு உடையவர்கள். இது வியாதியல்ல. உலக சுகாதார நிறுவனமே 1990ல் தன்பாலீர்ப்பை வியாதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. இது குற்றமுமல்ல. 2018 செப்டம்பர் 6ந் தேதி இந்திய சுப்ரீம் கோர்ட்டு, வயது வந்தோர் மனமொப்பி வாழும் வாழ்க்கையைக் குற்றமாக்கிய 377வது பிரிவின் பாகத்தைச் செல்லாதென்று தீர்ப்பளித்துவிட்டது. கோர்ட்டும் வைத்தியமும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒப்புக்கொள்ளாத இடம் ஒன்று இருக்குமானால் அது பள்ளிக்கூடந்தான்.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் இரண்டு வருஷத்துக்கொருமுறை சர்க்கார் சுகாதார இலாகா ஒரு கணக்கெடுக்கிறது. 2015ம் வருஷக் கணக்கில், பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கொடுமைக்காளானவர்கள் மற்ற பிள்ளைகளில் 100க்கு சுமார் 19 பேர். இந்தப் பிள்ளைகளில் 100க்கு 34 பேர். நம் தமிழ்நாடு மட்டும் மேலென்று யாரும் மார்தட்ட வேண்டாம். யுனெஸ்கோ ஸ்தாபனம் 2019ல் வெளியிட்ட அறிக்கைக்காக இங்கே இத்தகைய இளைஞர் 371 பேரை விசாரித்ததில், நடுநிலை உயர்நிலைப் பள்ளிகளில் அடி உதை பட்டதாகச் சொன்னவர்கள் 100க்கு 60 பேர். பள்ளி அதிகாரிகளிடம் முறையிட்டவர்களோ 100க்கு 18 பேர்தான். மற்றவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை? சொன்னால் "நீ நடையை மாற்றிக்கொள்" என்ற உபதேசந்தான் கிடைக்கும் என்று பிள்ளைக்குத் தெரியும்.

நிற்க, கேலிக்கும் கொழுப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சொல்லுகிறேன்.

சிறுநீரகத்தின்மேல் தொப்பிபோல் ஒரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. பயம் வந்தால் அது கார்ட்டிசால் என்னும் ரசத்தைச் சுரக்கிறது. பாம்பைக் கண்டு ஓடும் ஐந்து நிமிஷத்திற்கு அது நல்லது. ஆனால் காலையில் மணி அடித்ததுமுதல் மாலை மணி அடிக்கும்வரை, வருஷக்கணக்காகப் பயந்துகொண்டேயிருக்கும் பிள்ளைக்கு அதுவே கேடாகிறது. இனிப்பின்மேலும் எண்ணெய்ப் பலகாரத்தின்மேலும் ஆசை மூளுகிறது, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேருகிறது, தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்டவனுக்குப் பசி அதிகம் என்பது வைத்தியர்கள் அறிந்த விஷயம்.

அடுத்தது விளையாட்டு. கேலி அதிகமாக நடக்குமிடம் எது? உபாத்தியாயர் கண்ணில்லாத உடைமாற்றும் அறை, கழிப்பிடம், அணி பிரிக்கும்போது ஒருவனைக் கடைசிவரை நிறுத்திவைக்கும் மைதானம். 2021ல் அமெரிக்காவில் கேட்டபோது, இத்தகைய மாணவர்களில் 10க்கு ஏறக்குறைய 4 பேர், பயத்தினால் தேகப்பயிற்சி வகுப்பையே தவிர்ப்பதாகச் சொன்னார்கள். சோம்பேறி என்றோமே, அவன் சோம்பேறியா? அடிக்குத் தப்பி ஒளிந்திருப்பவனா?

மூன்றாவது, தோழமை. சேர்ந்து உண்ண ஆளில்லாத பிள்ளைக்குத் தின்பண்டமே சிநேகிதன் ஆகிவிடுகிறது. தின்று பருத்ததும் "குண்டு" என்று இரண்டாவது கேலி வருகிறது. முதல் கேலியால் வந்த பருமன் இரண்டாவது கேலிக்குக் காரணமாகிறது. அந்தக் கேலி மறுபடியும் தின்னச் சொல்லுகிறது. செக்குமாடு இதைவிடச் சுகமாகச் சுற்றும்.

ஆனால் இப்படிப்பட்டவர்கள் எல்லோரும் பருமன் என்றோ, பருத்தவர்கள் எல்லோரும் இப்படிப்பட்டவர்கள் என்றோ யாரும் அர்த்தம் செய்துகொண்டு கிளம்பிவிடாதீர்கள்! அமெரிக்க ஆராய்ச்சிகளில் பருமன் அதிகமாகத் தெளிவாய்க் காணப்படுவது பெண் பிள்ளைகளிடத்தில். ஆண் பிள்ளைகளிலோ பட்டினி கிடப்பவர்களும், தின்றதை வாந்தியெடுப்பவர்களும், சதை திரள மருந்து விழுங்குபவர்களும் மற்றவர்களைவிட அதிகம். வேர் ஒன்று, கிளைதான் வேறு வேறு.

"நாலு அடி போட்டால் ஆண்பிள்ளையாய் வந்துவிடுவான்" என்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாகாணத்தில் ஜேமி நபோஸ்னி என்ற மாணவனைச் சக மாணவர்கள் வருஷக்கணக்காக அடித்தார்கள். வயிற்றில் உதைத்ததில் சத்திர சிகிச்சை செய்யவேண்டியதாயிற்று. அடியால் அவனுடைய ஈர்ப்பு மாறவில்லை, படிப்புத்தான் போயிற்று. 1996ல் கோர்ட்டு என்ன சொல்லிற்று? மற்ற மாணவருக்குத் தரும் பாதுகாப்பை இவனுக்கு மட்டும் மறுக்கப் பள்ளி அதிகாரிகளுக்கு உரிமையில்லை என்றது. ஒன்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துப் பிறகு சமாதானம் செய்துகொண்டார்கள்.

நாம் செய்யவேண்டியது என்ன? 2021 ஜூன் 7ந் தேதி சென்னை ஹைக்கோர்ட்டில் ஜஸ்டிஸ் ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள் கொடுத்த உத்தரவில், பெற்றோர் ஆசிரியர் கழகங்களைக் கொண்டே பெற்றோருக்கு இதை விளக்கவேண்டுமென்று கண்டிருக்கிறது. ஆகவே இது நம் தலையில் விழுந்த வேலைதான். பள்ளி விதிகளில் பாலீர்ப்பைப் பற்றிய கேலியைப் பேர் சொல்லியே தடுங்கள். உடைமாற்றும் இடத்தில் மறைவும் காவலும் வையுங்கள். அணி பிரிக்கும் வேலையை உபாத்தியாயரே செய்யட்டும். முறையிடும் பிள்ளையைத் திருத்தாதீர்கள், அடித்தவனைத் திருத்துங்கள். எடை பார்க்கும் நாளில் நூறுபேர் காதில் விழும்படி எடையைக் கூவாதீர்கள்.

தாய்மார்களே! உங்கள் பிள்ளை தட்டை எடுத்துக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தால் தட்டைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இன்று பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது?" என்று கேளுங்கள். அது எதைச் சொன்னாலும் வீட்டைவிட்டுத் துரத்தமாட்டோம் என்ற தைரியம் அதற்கு இருக்கவேண்டும். அந்தத் தைரியத்தைக் கொடுக்காமல் பத்தியம் மட்டும் எழுதிக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் இளைக்காது.