சண்டிகர் நாற்காலியும் பெயர் மறைந்த கைகளும்



குறுந்தொகையைக் கற்றோர் செம்புலப்பெயனீரார் என்னும் பெயரை நன்கறிவர். அஃது அப்புலவருக்குப் பெற்றோர் இட்ட பெயரன்று. இயற்பெயர் மறைந்துபோகவே, பாடலில் அமைந்த தொடரே அவருக்குப் பெயராயிற்று. அணிலாடு முன்றிலாரும் மீனெறி தூண்டிலாரும் அவ்வாறு பெயர் பெற்றவர்களே. படைப்பு நிலைத்திருக்கப் படைத்தவர் பெயர் மறைதல் இலக்கியத்திற்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டில் தோன்றி உலகப்புகழ் எய்திய நாற்காலி ஒன்றும் இதற்குச் சான்றாகிறது.

1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. இந்தியப் பஞ்சாபுக்குப் புதிய தலைநகர் தேவைப்பட்டது. அவ்வாறு எழுந்ததே சண்டிகர். அதனை வடிவமைக்க அழைக்கப்பட்ட பிரெஞ்சுக் கட்டடக்கலை அறிஞர் லெ கொர்பூசியே, ஆண்டில் சில காலமே இங்கு வந்து தங்கினார். அவருடைய உறவினரான பியேர் ழான்னரே 1951இல் வந்து, 1965 வரை அந்நகரிலேயே வாழ்ந்து பணியாற்றினார். தலைமைச் செயலகம், உயர்நீதிமன்றம், பல்கலைக்கழகம் ஆகியவற்றுக்கு ஆயிரக்கணக்கான இருக்கைகள் வேண்டியிருந்தன. அத்தேவையே ‘சண்டிகர் நாற்காலி’ எனப்படும் சாய்விருக்கையைத் தோற்றுவித்தது.

ழான்னரே 1920களின் இறுதியில் பாரிசில் லெ கொர்பூசியே, ஷார்லட் பெரியாண்ட் ஆகியோருடன் சேர்ந்து எஃகுக் குழாய்களால் இருக்கைகள் செய்தவர். சண்டிகரில் அவர் எஃகை நாடவில்லை. ஈரத்தையும் கறையானையும் தாங்கும் தேக்கு இங்குக் கிடைத்தது. காற்றோட்டம் தரும் பிரம்புப் பின்னல் வெப்பத்திற்கு ஏற்றதாயிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாகக் கைத்திறன் மிக்க தச்சர்கள் இருந்தனர். கவராயம் போல விரிந்த இரு கால்கள் பக்கத்திற்கு ஒரு முக்கோணமாய் அமைந்து, கைப்பிடியையும் சாய்மானத்தையும் தாங்குகின்றன. மறைப்பதற்கு ஒன்றுமில்லாத அமைப்பு அது. எந்தக் கட்டை எதைத் தாங்குகிறது என்பது பார்த்த அளவிலேயே விளங்கும்.

இனி, இதனைப் படைத்தவர் யார் என்னும் வினா எழுகிறது. ஏலப் பட்டியல்கள் ழான்னரேயின் பெயரையே முதன்மையாக அச்சிடுகின்றன. அவருடன் பணியாற்றிய இந்தியப் பெண் கட்டடக்கலைஞர் யூலி சௌத்ரிக்கும் அந்நகரின் அறைகலன் வடிவமைப்பில் பங்குண்டு. அப்பங்கு நெடுங்காலம் உரியவாறு பேசப்படவில்லை. தேக்கை அறுத்து இழைத்த தச்சர்களும் பிரம்பு பின்னியவர்களும் அந்தப் பட்டியல்களில் அரிதாகவும் இடம்பெறுவதில்லை. எஞ்சியது ஊரின் பெயரே. செம்புலப்பெயனீராருக்குப் பாடலின் தொடர் பெயரானது போல, இந்நாற்காலிக்குப் பிறந்த ஊர் பெயராயிற்று.

காலம் செல்லச் செல்லப் பிரம்பு அறுந்தது, மூட்டுகள் தளர்ந்தன. அலுவலகங்கள் அவற்றைப் பழைய தட்டுமுட்டுச் சாமான்களாகக் கழித்து, சொற்ப விலைக்கு ஏலம் விட்டன. அவற்றை வாங்கிச் சென்ற வெளிநாட்டு வணிகர்கள் செப்பனிட்டு, ஐரோப்பிய, அமெரிக்க ஏலக்கூடங்களில் பல இலட்சம் ரூபாய்க்கு விற்றனர். இருப்புக் கணக்கிற்காக நம் அலுவலர்கள் வண்ணத்தால் எழுதிவைத்த எழுத்தும் எண்ணுமே இன்று அங்கே மெய்ம்மைக்குச் சான்றாக மதிக்கப்படுகின்றன. 2011இல் நடுவணரசின் உள்துறை அமைச்சகம் இப்பொருள்களின் விற்பனையைத் தடுக்க ஆணையிட்டது. ஆயினும் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம், பொதுவாக நூறாண்டு நிறைந்த பொருளையே தொல்பொருளாகக் கொள்கிறது. இந்நாற்காலிகளுக்கு அந்த அகவை இன்னும் நிரம்பவில்லை.

வணிகர்களைப் பழித்து அமைவது எளிது. ஆனால் அவர்கள் எவருடைய வீட்டிலும் புகுந்து எடுக்கவில்லை. நாமே கழித்ததை விலைகொடுத்துப் பெற்றனர். தமிழர்க்கு இவ்வரலாறு புதிதன்று. ஏட்டுச் சுவடிகள் தீயிலும் ஆற்று வெள்ளத்திலும் இடப்பட்ட காலம் ஒன்றிருந்தது. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராய் அலைந்திராவிடில் நாம் இழந்திருக்கக்கூடியவை எத்தனை! இன்னதென்று அறியாமல் கழித்துவிடுதலே இழப்பின் தொடக்கம்.

இச்செய்தி காட்டுப்பள்ளிக்கு ஏன் உரியது எனின், இக்கடற்கரைக்கும் பெயரறியாத் தச்சர்களின் படைப்பு ஒன்று உண்டு. அதுவே கட்டுமரம். செதுக்கிய கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து, கரையேறியதும் அவிழ்த்து உலர்த்தி, மறுநாள் மீண்டும் பிணைத்துக் கடலுக்குச் செலுத்தினர். அலை மேலேறினும் நீர் இடுக்குகளின் வழியே வடிந்துவிடும், மரம் மூழ்காது. ஆங்கிலம் இச்சொல்லையே கடன்கொண்டது. அதனை முதன்முதல் வடித்தவர் எவர் என்று எந்த ஏடும் கூறவில்லை. அண்மைப் பதிற்றாண்டுகளில் ஃபைபர் படகுகள் அதன் இடத்தைப் பெருமளவு பற்றிக்கொண்டன. மீனவரின் உழைப்பு எளிதாயிற்று. அம்மாற்றத்தை எவரும் குறைகூற இயலாது. ஆயினும் மரத்தைத் தேர்ந்த முறையும், பிணைத்த முடிச்சும், உறுப்புகளுக்கு வழங்கிய சொற்களும் அம்மரத்தோடு சேர்ந்தே கழிந்துபோக வேண்டுவதில்லை.

இலக்கிய வட்டம் பத்தாண்டுகளாகப் பாடல்களையும் உரைகளையும் போற்றி வந்துள்ளது. கட்டுமரம் வடித்த முதியோர் இன்னும் சிலர் இக்கரையில் இருப்பர். அவர்களிடம் சென்று அச்சொற்களைக் கேட்டெழுதுவதும், சொன்னவரின் பெயரை அவர் இசைவோடு அச்சொற்களின் அருகே பொறிப்பதும் அடுத்த பத்தாண்டின் தமிழ்ப்பணியாகட்டும்.